மேட்டில் நின்ற பைக்கைப் பின்னால் உருளாமல் கிளப்புவது எப்படி?

கேள்வி: "சமதளத்தில் கியர் பைக் நன்றாகவே ஓட்டுகிறேன். ஏற்காடு போகும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் முன்னால் போன பஸ் நின்றுவிட்டது, நானும் நின்றேன். மறுபடி கிளப்பும்போது வண்டி பின்னால் உருண்டது. இரண்டு முறை ஆஃப் ஆனது. பின்னால் கார், சீட்டில் மனைவி. இரண்டு காலையும் ஊன்றித்தான் சமாளித்தேன். சரியான முறை என்ன? இந்த மாதிரி இடத்தில் மனைவியை இறங்கச் சொல்ல வேண்டுமா?"

உங்கள் கேள்வியிலேயே காரணம் இருக்கிறது: இரண்டு காலையும் ஊன்றியது. வலது கால் தரைக்குப் போய்விட்டால் பின் பிரேக்கை மிதிக்க ஆள் இல்லை. மிச்சமிருப்பது முன் பிரேக். அதைப் பிடித்திருக்கும் வலது கைதான் ஆக்சிலேட்டரையும் முறுக்க வேண்டும். முறுக்குவதற்காக பிரேக்கை விட்ட அந்த அரை நொடியில் வண்டியை நிறுத்திவைக்க எதுவுமே இல்லை. உருள ஆரம்பித்ததும் பதற்றத்தில் கிளட்சை சட்டென்று விடுகிறோம், இன்ஜின் ஆஃப் ஆகிறது. கிளட்ச் கைப்பழக்கம் போதவில்லை என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் தப்பு நடந்தது கையில் இல்லை, காலில்.

முறை இதுதான்: இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். கிளட்ச் லீவரை மெதுவாக விட்டு, வண்டி முன்னால் இழுக்கத் தொடங்கிய பிறகே பிரேக்கை விட வேண்டும். அதற்கு முன்னால் விடவே கூடாது.

வண்டியைப் பின்னால் இழுக்கும் பலம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் பாதி குறையும். ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ. இரண்டு பேர் சேர்ந்து 130 கிலோ என்று வைத்தால் மொத்தம் 242. பத்தடிக்கு ஓரடி ஏறும் சாலையில் இதைப் பின்னால் இழுப்பது சுமார் 24 கிலோ பலம். ஒரு 25 கிலோ அரிசி மூட்டையைக் கயிறு கட்டி வண்டிக்குப் பின்னால் தொங்கவிட்ட மாதிரி. ஆறடிக்கு ஓரடி என்றால் 40 கிலோ. கிளாசிக் 350 வண்டியே 195 கிலோ. அதே இரண்டு பேரோடு பத்துக்கு ஒன்றில் 32 கிலோ, ஆறுக்கு ஒன்றில் 53 கிலோ. சீட்டில் உட்கார்ந்தபடி செருப்புக் காலை ஊன்றி இதைத் தாங்க முடியாது, ஆனால் நன்றாக இருக்கும் பின் பிரேக்குக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பாதத்தின் முன்பகுதியால் லேசாக அழுத்தினால் போதும். பிரேக் மேல் ஏறி நிற்கத் தேவையில்லை. அப்படி முழு பலத்தோடு மிதிப்பவர்களுக்குத்தான் விடும்போது மெதுவாக விட வராது.

நிற்கும்போதே பாதி வேலை முடிந்துவிட வேண்டும்

மேட்டில் கிளப்புவது, நிற்பதற்கு 15, 20 மீட்டர் முன்பே தொடங்கிவிடுகிறது. முன்னால் பஸ்ஸின் சிவப்பு விளக்கு எரிந்ததும் ஆக்சிலேட்டரை விடுங்கள். ஏற்றத்தில் வண்டி தானாகவே வேகம் இழக்கும். உருண்டுகொண்டிருக்கும்போதே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். நின்றபிறகு கியர் மாற்றலாம் என்று விட்டால் சிக்கல், ஏனென்றால் கியர் போடும் கால் இடது கால். அதுதான் தரையில் ஊன்ற வேண்டிய காலும்.

கடைசி ஓரிரு மீட்டரில் கிளட்சை முழுவதும் பிடித்து, இரண்டு பிரேக்கும் சேர்த்து நிறுத்தி, இடது காலை மட்டும் கீழே வையுங்கள். வலது கால் பிரேக்கை விட்டு அசையக் கூடாது. கால் எட்டாதவர்கள் இடுப்பை சீட்டில் இரண்டு அங்குலம் இடது பக்கம் நகர்த்திக்கொண்டால் இடது பாதம் நன்றாகப் பதியும். வண்டி இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும், அது பரவாயில்லை. ஹேண்டில்பார் மட்டும் நேராக இருக்கட்டும்.

எங்கே நிற்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுகிறோம். ஏறும்போது வளைவு இடது பக்கம் திரும்பினால் நாம் உள்வட்டத்தில் இருப்போம். கொண்டை ஊசி வளைவின் மிகச் செங்குத்தான இடம் அதுதான். வெளிவட்டமும் உள்வட்டமும் ஏறும் உயரம் ஒன்று, ஆனால் உள்வட்டத்தின் நீளம் குறைவு. அதனால் அதே உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏற வேண்டும். போதாததற்கு சாலை உள்பக்கமாகச் சாய்த்துப் போடப்பட்டிருக்கும். ஊன்ற வேண்டிய இடது கால் பக்கம் தரை இன்னும் கீழே போய்விடும். வலது பக்கம் திரும்பும் வளைவில் இந்தத் தொல்லை இல்லை. வெளிவட்டத்தில் ஏற்றம் குறைவு, இடது கால் பக்கம் தரை உயர்ந்திருக்கும்.

ஆகவே இடது வளைவில் முன்னால் பஸ்ஸோ லாரியோ திணறிக்கொண்டிருந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வளைவுக்குள் நுழையாதீர்கள். வளைவுக்கு முன்னால் நேரான துண்டிலேயே நில்லுங்கள், அது வளைந்து முடித்தபிறகு ஒரே மூச்சில் ஏறிவிடலாம். கொல்லிமலையின் 70 வளைவுகளானாலும் ஏற்காட்டின் 20 ஆனாலும் இது பொருந்தும். ஒரு வளைவுக்குப் பத்து நொடி காத்திருந்தாலும் மொத்தப் பயணத்தில் சில நிமிடங்கள்தான் கூடும்.

முன் வண்டியின் பம்பரை ஒட்டி நிற்பது இன்னொரு தவறு. கிளம்பும்போது பஸ்ஸும் உங்களைப் போலத்தான் கொஞ்சம் பின்னால் வரும். குறைந்தது நான்கு மீட்டர் விடுங்கள், ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் உங்கள் ஹெல்மெட் தெரிகிற மாதிரி நில்லுங்கள். காலை வைக்கும் முன் தரையை ஒரு பார்வை பாருங்கள்: சரளை, ஈர இலை, டீசல் சிந்திய கறை, வெள்ளைக் கோடு, நான்குமே வழுக்கும்.

கிளப்புவது

முன் வண்டி நகர்ந்து குறைந்தது இரண்டு பைக் நீளம் இடம் கிடைக்கும்வரை பொறுங்கள். அரை மீட்டர் நகர்ந்து நின்று, மறுபடி அரை மீட்டர் நகர்வதுதான் கிளட்சைத் தின்னும்.

முதலில் ஆக்சிலேட்டர். 100, 125 சிசி வண்டிகளை 3000 ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) பக்கம் கொண்டுபோய் அங்கேயே நிறுத்துங்கள். 350 சிசி புல்லட் வகைக்கு 2000 போதும், அதன் பலம் கீழேயே கிடைக்கும். மீட்டரில் ஆர்பிஎம் முள் இல்லாத வண்டியில் காதுதான் மீட்டர்: ஐட்லிங், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது ஓடும் வேகம், சுமார் 1400, அதன் இரண்டு மடங்கு வேகத்தில் இன்ஜின் சுற்றும் சத்தம் கேட்க வேண்டும். சமதளத்தில் வெறும் ஐட்லிங்கிலேயே கிளட்சை விட்டு வண்டியை நகர்த்திப் பழகியவர்களுக்கு இந்தச் சத்தம் அதிகமாகத் தோன்றும். மேட்டில் இது தேவை.

இப்போது கிளட்சை மெதுவாக விட்டுக்கொண்டே வாருங்கள். லீவர் ஓர் இடத்துக்கு வந்ததும் இன்ஜின் சத்தம் சட்டென்று கனக்கும். முள் இருந்தால் 300, 400 இறங்குவது தெரியும். செயினின் மேல் வரிசை விறைக்கும். பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு வண்டி முன்னால் போகப் பார்ப்பது சீட்டிலும் ஹேண்டிலிலும் தெரியும். இதுதான் கிளட்ச் பிடிக்கும் இடம், பேச்சு வழக்கில் ஹாஃப் கிளட்ச். இங்கே இடது கை உறைந்துபோன மாதிரி நிற்க வேண்டும். சத்தம் மேலும் கீழே போனால் ஆக்சிலேட்டரை ஒரு நூல் கூட்டுங்கள்.

அப்படியே ஒரு நொடி. பலர் தவறவிடுவது இந்த ஒரு நொடியைத்தான்.

பிறகு பிரேக்கை மெதுவாக விடுங்கள். சரியாகச் செய்திருந்தால் பிரேக் விட்டதும் வண்டி முன்னால் ஊரும், அல்லது நின்ற இடத்திலேயே நிற்கும். பின்னால் ஒரு விரற்கடை போனாலும் உடனே பிரேக்கை மறுபடி மிதியுங்கள். கிளட்சைத் திடீரென விட்டு அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மறுபடி மிதிக்க முடிகிறது என்பதுதான் கால் அங்கேயே இருப்பதன் பலன்.

வண்டி நகர்ந்ததும் வேலை முடிந்ததாக நினைத்து கிளட்சை முழுதாக விடுபவர்கள்தான் இரண்டாவது மீட்டரில் ஆஃப் ஆகிறார்கள். 100 சிசி வண்டி முதல் கியரில் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால் வேகம் மணிக்குச் சுமார் 9, 10 கிலோமீட்டர். வண்டி அந்த வேகத்தை எட்டாதவரை இன்ஜின் ஒரு வேகத்திலும் சக்கரம் அதைவிடக் குறைந்த வேகத்திலும் சுற்றுகின்றன. இடையில் கிளட்ச் வழுக்கித்தான் இரண்டையும் சமாளிக்கிறது. பாதியில் கிளட்சை விட்டால் சக்கரம் இன்ஜினைக் கீழே இழுத்துவிடும். இரண்டு மூன்று மீட்டர் ஹாஃப் கிளட்சிலேயே போய், வேகம் கூடக் கூட மீதியை விடுங்கள். இடது காலை ஃபுட்ரெஸ்டில் வைப்பது நகர்ந்தபிறகு. காலால் தரையைத் துழாவிக்கொண்டே போகாதீர்கள், அதில் கணுக்கால் பின் சீட்டுக்காரரின் ஃபுட்ரெஸ்டில் மாட்டும். இரண்டாவது கியர் வளைவு முடிந்து நேரானபிறகு போதும். ஏற்றத்தில் அவசரப்பட்டு இரண்டாவது போட்டால் திணறும், மறுபடி முதலுக்கு வர வேண்டியிருக்கும்.

முன் பிரேக்கில் கிளப்புவது

வலது காலை ஊன்றியே தீர வேண்டிய இடங்கள் உண்டு: இடது பக்கம் பள்ளமாக இருந்தால், அல்லது உயரமான வண்டியில் இரண்டு காலும் தேவைப்பட்டால். அப்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிரேக் லீவரில். கட்டைவிரலும் உள்ளங்கையும் மற்ற இரண்டு விரல்களும் ஆக்சிலேட்டரில். லீவரைப் பிடித்தபடியே முறுக்கி, கிளட்ச் பிடித்ததும் இரண்டு விரலையும் தளர்த்த வேண்டும். கேட்க எளிது. ஆனால் விரலைத் தளர்த்தும்போது மணிக்கட்டும் கூடவே திரும்பி ஆக்சிலேட்டரைக் கூட்டிவிடும், வண்டி துள்ளும். இன்ஜினை அணைத்து வைத்து வீட்டு வாசலிலேயே 20, 30 தடவை பழகினால்தான் கை தனித்தனியாக வேலை செய்யும்.

இதை இரண்டாவது வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஏற்றத்தில் பாரம் பின் சக்கரத்துக்குப் போய்விடும். பின்னால் ஆளும் பையும் இருந்தால் முன் சக்கரம் இன்னும் லேசாகும். சரளையில் முன் சக்கரம் பூட்டியபடியே பின்னால் சறுக்கும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது இப்படி நடந்தால் வண்டி படுத்துவிடும்.

125 சிசிக்கு உட்பட்ட புதிய வண்டிகள் பலவற்றில் சிபிஎஸ் என்ற கூட்டு பிரேக் இருக்கும். 2019 ஏப்ரலில் அதுவோ, சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோ கட்டாயமானது. சிபிஎஸ் வண்டியில் பின் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். மேட்டுக்கு இது வசதிதான், கூடுதலாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஆஃப் ஆகிவிட்டால்

இன்ஜின் நின்றதும் அனிச்சையாகக் கை கிளட்சைப் பிடிக்கும். அதுதான் உருளவைப்பது. ஆஃப் ஆன நொடியில் வண்டி கியரில் இருக்கிறது, கிளட்ச் விட்ட நிலையில் இருக்கிறது. நின்றுபோன இன்ஜினின் அழுத்தமே பின் சக்கரத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. கிளட்சைப் பிடித்தால் அந்தப் பிடி போய்விடும். எனவே முதலில் பிரேக், அதன் பிறகு கிளட்ச், அதன் பிறகு செல்ஃப் ஸ்டார்ட். பெரும்பாலான வண்டிகள் கிளட்ச் பிடித்திருந்தால் கியரிலேயே ஸ்டார்ட் ஆகும். ஆகவில்லை என்றால் சைடு ஸ்டாண்டைப் பாருங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்டு கீழே இருந்தால் கியரில் இன்ஜின் ஓடாது. கிக்கர் மட்டும் உள்ள பழைய வண்டி என்றால் பெரும்பாலும் நியூட்ரல் வேண்டும், மேட்டில் ஒற்றைக் காலில் நின்று உதைப்பது ஆபத்து. இறங்கி, வண்டியை ஓரத்தில் சாலைக்குக் குறுக்காகத் திருப்பி நிறுத்தி உதையுங்கள்.

இதே விஷயத்தை நீண்ட நேரம் நிற்கும்போது நமக்குச் சாதகமாகப் பயன்படுத்தலாம். எதிரே லாரி மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் ஆகும் என்று தெரிந்தால் முதல் கியரில் வைத்து இன்ஜினை அணைத்து, கிளட்சை மெதுவாக விடுங்கள். வண்டி அப்படியே நிற்கும், கைக்கும் காலுக்கும் ஓய்வு. வண்டியைப் பின்னால் இறக்க வேண்டியிருந்தாலும் இதுதான் வழி: இன்ஜின் அணைந்த நிலையில், முதல் கியரில், கிளட்சை லேசாகப் பிடித்தால் உருளும், விட்டால் நிற்கும். கிளட்சே பின் பிரேக் ஆகிவிடும். முன் பிரேக் பிடித்தும் சறுக்குகிற சரளையில் இரண்டு காலும் தரையில் இருக்க, பாதுகாப்பாக ஓரம் கட்ட இதைவிட நல்ல முறை இல்லை.

நின்ற இடத்தில் நியூட்ரலில் இருப்பதைக் கவனித்தால், முன் பிரேக்கை நான்கு விரலாலும் இறுக்கிப் பிடித்து, பாரத்தை வலது காலுக்கு மாற்றி, இடது காலால் முதல் கியர் போட்டு, மறுபடி இடது காலை ஊன்றி வலது காலை பிரேக்குக்குக் கொண்டுபோங்கள். போக்குவரத்து நகர ஆரம்பிக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். கியர் விழ மறுத்தால் கிளட்சை ஓர் இழை விட்டுப் பிடித்து மறுபடி போடுங்கள். ஸ்பிளெண்டர் மாதிரி எல்லா கியரும் ஒரே பக்கம் மிதிக்கும் வண்டிகளில் வேறொரு குழப்பம் உண்டு: முதல் என்று நினைத்து இரண்டாவதில் நிற்பது. இரண்டு முறை காரணமில்லாமல் ஆஃப் ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பின்பக்கம் மிதித்து நியூட்ரல் விளக்கு எரியும்வரை வந்து, முன்பக்கம் ஒரே ஒரு மிதி.

பிரேக் இல்லாமல் ஹாஃப் கிளட்சிலேயே மேட்டில் வண்டியை அந்தரத்தில் நிறுத்திவைத்துக் காட்டும் வித்தை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது கிளட்சைத் தின்னும். பைக்கின் கிளட்ச் எண்ணெயில் முங்கியே இருப்பதால் கார் கிளட்சைவிடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கருகிய வாடை வந்தால், அல்லது முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் சூடாகி வழுக்குகிறது. ஓரம் கட்டி 15 நிமிடம் ஆறவிடுங்கள்.

வண்டியில் பார்க்க வேண்டியது

எவ்வளவு பழகினாலும் கிளட்ச் ஒயர் சரியில்லாத வண்டி கைக்கு அடங்காது. லீவரின் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. தளர்வே இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் பாதி விட்ட நிலையில் வழுக்கும், லீவரின் கடைசியில்தான் பிடிக்கும். தளர்வு அதிகமானால் கைப்பிடியை ஒட்டியே பிடிக்கும், முழுதாகப் பிடித்தாலும் வண்டி முன்னால் ஊரும், நியூட்ரல் கிடைக்காது. மேட்டுக்கு வசதியானது லீவர் நடுவாக்கில் பிடிக்கும் வண்டி. ஒயரின் உறைக்குள் எண்ணெய் விட்டிருந்தால் விரல் சொல்வதை கிளட்ச் கேட்கும், காய்ந்த ஒயர் வெட்டி வெட்டி விடும்.

பின் டிரம் பிரேக்குக்கு மிதியில் 20 முதல் 30 மில்லிமீட்டர் தளர்வு. இதைச் சோதிக்க மெக்கானிக் வேண்டாம்: ஒரு மேட்டில் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில், பின் பிரேக்கை மட்டும் மிதித்து உட்காருங்கள். உருண்டால் அந்த பிரேக்கை நம்பி மலைக்குப் போகாதீர்கள். செயின் தளர்ந்திருந்தால் கிளட்ச் பிடிக்கும் நேரத்தில் ஒரு வெட்டு வெட்டும், அந்த வெட்டில்தான் பலர் பதறி கிளட்சை விடுவது. பெரும்பாலான சிறிய வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் சரி. இன்ஜின் ஆயில் பைக்குக்கு உரியதாக, டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டதாக இருக்கட்டும். கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும், அது கிளட்ச் பிளேட்டையும் வழுக்கவைக்கும்.

உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலம் குறையும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், ஊட்டி 2,240. சேலத்தில் 3000 ஆர்பிஎம்மில் கிளம்பிய அதே 100 சிசி வண்டிக்கு மேலே 3500 தேவைப்படும். பழைய கார்புரேட்டர் வண்டியில் மேலே போனதும் ஐட்லிங்கும் இறங்கி நிற்கும்போதே அணையும். ஐட்லிங் திருகைக் கால் சுற்று ஏற்றிக்கொள்ளலாம், இறங்கியதும் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பழகுவதற்கு

லைசென்ஸுக்கு எட்டு போட்டதெல்லாம் சமதளத்தில்தான், மேட்டுப் பழக்கத்தை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். மலைச் சாலையில் போய்ப் பழகாதீர்கள். ஏரிக்கரைக்கு ஏறும் மண் அல்லது தார்ச் சரிவு, அதிகாலையில் காலியாக இருக்கும் ஏதாவது வளாகத்தின் சாய்தளம் போதும்.

முதலில் சமதளத்தில், ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் விட்டு வண்டியை நகர்த்துங்கள். பத்து முறை செய்தால் லீவர் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது இடது கைக்கு மனப்பாடம் ஆகிவிடும். அடுத்து, அதே சமதளத்தில் பின் பிரேக்கை மிதித்தபடி 3000 வைத்து, சத்தம் கனக்கும் இடம்வரை கிளட்சை விட்டு, ஒரு நொடி நிறுத்தி, மறுபடி பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி நகரவே கூடாது. இது வந்துவிட்டால் மேடு வந்துவிட்ட மாதிரி. பிறகு லேசான சரிவில் தனியாக, அதன்பின் செங்குத்தில், கடைசியில்தான் பின்னால் ஆளை ஏற்றி. ஒவ்வொரு பத்து முறைக்கும் ஐந்து நிமிடம் கிளட்சை ஆறவிடுங்கள்.

ஸ்கூட்டர்காரர்களுக்கு இந்தக் கிளட்ச் வேலையெல்லாம் இல்லை. இடது பிரேக்கைப் பிடித்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, வண்டி இழுப்பது தெரிந்ததும் பிரேக்கைத் தளர்த்தினால் போதும். அவர்கள் செய்யும் தவறு வேறு: பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கியே மேட்டில் நிறுத்திவைப்பது. உள்ளே கிளட்ச் ஷூ முழுதாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் தேய்ந்துபோகும்.

எதிரே இறங்கும் வண்டி பற்றியும் ஒரு வார்த்தை. அகலம் போதாத மலைச் சாலையில் இறங்கும் வண்டிதான் ஓரம் நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும்; 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும் இது இருக்கிறது. காரணம் நீங்கள் கேட்ட கேள்வியேதான்: நின்றால் மறுபடி கிளம்பச் சிரமப்படுபவர் ஏறுபவர். ஆனால் எதிரே வரும் டிரைவர் இதைப் பின்பற்றுவார் என்று நம்பி வளைவுக்குள் போய்விடாதீர்கள். வளைவுக்கு முன் ஹாரன் அடித்து, பதில் வருகிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

இனி உங்கள் மனைவி. சாதாரண மலைச் சாலை ஏற்றத்தில் அவர் இறங்க வேண்டியதில்லை. இரண்டு காலும் ஃபுட்ரெஸ்டில் இருக்க வேண்டும், வண்டி சாய்ந்தாலும் அவர் காலைக் கீழே வைக்கக் கூடாது. உங்களுக்கு உதவுவதாக நினைத்து ஊன்றும் அந்தக் கால்தான் வண்டியை மறுபக்கம் தள்ளும். கிளம்பும் முன் "போகலாமா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் உங்களை ஒட்டி முன்னால் சாய்ந்து, இடுப்பையோ பின் கம்பியையோ பிடித்துக்கொள்ளட்டும். தோளைப் பிடித்தால் உங்கள் கை ஆடும். அவர் முதுகில் பை இருந்தால் அதைக் கழற்றி உங்கள் இருவருக்கும் நடுவில் வைக்கலாம், முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் பாரம் திரும்பக் கிடைக்கும்.

இடது கொண்டை ஊசியின் உள்வட்டத்தில் மாட்டிக்கொண்டாலோ, ஒருமுறை ஆஃப் ஆகி உங்கள் கால் நடுங்கத் தொடங்கினாலோ இறங்கச் சொல்லிவிடுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 60 கிலோ குறைந்தால் பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் 6 கிலோ இழுவை குறையும், வண்டியின் சமநிலையும் கைக்குள் வரும். நீங்கள் பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டபின் அவர் இறங்கட்டும். வண்டிக்குப் பின்னால் நிற்காமல் ஓரமாக நடந்து வளைவுக்கு மேலே வரட்டும். நீங்கள் நேரான இடத்தில் ஓரம் கட்டி, முதல் கியரில் இன்ஜினை அணைத்துக் காத்திருங்கள்.